செயற்கை ரத்தக் குழாய் உள்ளே ஆறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலில் பைபாஸ் செய்துகொண்டவர், வயிற்றுப் பெருந்தமனி வீங்கி அறுவை சிகிச்சைக்கு வந்தவர், டயாலிசிஸுக்காகக் கையில் கிராஃப்ட் எனும் செயற்கைக் குழாய் வைத்துக்கொண்டவர் என்று யாராக இருந்தாலும் தையல் பிரிக்கும் நாளில் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ள ஆறிடுச்சா டாக்டர்?" தோலைப் பார்த்து "நல்லா ஆறிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். தோலைப் பொறுத்தவரை அது உண்மை. குழாயின் உட்புறம் வேறு கதை. அதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால், நோயாளிகளும் உறவினர்களும் மருத்துவ மாணவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்தக் குழாய் எதனால் ஆனது?

பெரும்பாலும் இரண்டே பொருள்கள். ஒன்று டேக்ரான். பெயர்தான் பெரிது, பொருள் நாம் உடுத்தும் பாலியெஸ்டர். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய இழை அது. அங்கே டெரிலின் என்று பெயர். அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனம் டேக்ரான் என்று விற்றது. நம் ஊரிலும் ஒரு தலைமுறையே டெரிலின் சட்டை போட்டுத் திரிந்தது. அந்தச் சட்டை எத்தனை வருடம் ஆனாலும் மட்காது, கிழியாது என்பதுதான் உடம்புக்குள்ளும் அதற்கு வேலை கிடைக்கக் காரணம். நெய்தோ பின்னியோ குழாயாக்கி, வளைத்தால் நசுங்காமலிருக்க மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்திருப்பார்கள். வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் போலத்தான் பார்வைக்கு இருக்கும்.

இன்னொன்று டெஃப்லான் குடும்பம். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுவதும், பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் அதுதான். 1969-இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டுகளை மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்தார், ஒவ்வொன்றும் உடைந்தது. எரிச்சலில் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது உடையாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற பொருளாகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள், அவற்றுக்கிடையே நூல் நூலாக இழைகள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் உள்ள இடைவெளி வழக்கமான கிராஃப்டில் சுமார் 30 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் காலிலிருந்தே நரம்பு எடுத்து வைத்திருக்கலாமே?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நாம் பேச்சில் நரம்பு என்பது இங்கே சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். உண்மையான நரம்பில் ரத்தம் ஓடாது.

கேள்வி நியாயமானது. சொந்தச் சிரை நன்றாக இருந்தால் அதுதான் முதல் தேர்வு, முழங்காலுக்குக் கீழே போகும் பைபாஸில் இன்னும் கண்டிப்பாக. ஆனால் பலருக்கு அது ஏற்கெனவே இதய பைபாஸுக்குப் போயிருக்கும், அல்லது மெலிந்தோ சுருண்டோ அடைபட்டோ இருக்கும். பெருந்தமனி அளவுக்குத் தடிமனான சிரையோ யாரிடமும் உபரியாக இல்லை. அப்போதுதான் செயற்கைக் குழாய்.

சொந்தச் சிரை ஏன் அவ்வளவு உசத்தி?

உள்ளே உயிருள்ள உட்படலத்தோடு வருகிறது, அதனால்.

உட்படலம் என்றால்?

நம் ஒவ்வொரு ரத்தக் குழாயின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் அடுக்கு, தரையில் ஓடு பதித்ததுபோல் ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். பல இடங்களில் அதன் தடிமன் ஒரு மைக்ரான்கூட இருக்காது. தலைமுடி அதைவிடப் பல பத்து மடங்கு தடிமன். இவ்வளவு மெல்லியதால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

1980-இல் வெளிவந்த ஒரு சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியைத் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்டு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் கொடுத்தால் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. ஒரே மருந்து, ஒரே முயல். கடைசியில் கண்டுபிடித்தார்: தயாரிக்கும்போது உட்பக்கம் எங்காவது உரசி அந்த மெல்லிய படலம் உதிர்ந்துபோன துண்டுகள்தான் தளர மறுத்தன. தளரச் சொல்லும் சேதி படலத்திலிருந்து போகிறது. அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதே நைட்ரிக் ஆக்சைடும், படலம் சுரக்கும் புரோஸ்டாசைக்ளினும் பிளேட்லெட்களை ஒட்டவிடாமல் விலக்குகின்றன. டெங்கு வந்தால் தினம் எண்ணிப் பார்ப்போமே, அதே பிளேட்லெட்கள்தான். படலம் இருக்கும் இடத்தில் அவை உருண்டு ஓடிவிடும். இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு கூட்டம் சேர்க்கும். ரத்தம் நாளெல்லாம் குழாய்க்குள் ஓடியும் உறையாமல் இருப்பதில் பெரும்பங்கு இந்த ஓர் அடுக்குக்குத்தான்.

துணியைத் தைத்து ரத்தக் குழாயாக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது?

1947-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் நாய்களில் அறுவை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு நாயின் இதய அறைக்குள் ஒரு பட்டுத் தையல் நூல் தவறான இடத்தில் மாட்டி நின்றுவிட்டது. மாதங்கள் கழித்து அந்த நாயின் இதயத்தைத் திறந்தபோது நூல் நூலாகத் தெரியவில்லை. பளபளப்பான மெல்லிய படலம் ஒன்று அதன்மேல் படர்ந்திருந்தது. நூலின்மேல் படரும் என்றால் துணியின்மேலும் படரும்தானே என்று அவர் யோசித்தார். முதலில் பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகச் சுருட்டித் தைத்து ஒரு நாயின் பெருந்தமனியில் வைத்தார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு வின்யான்-என் என்ற செயற்கைத் துணிக்கு மாறினார். 1952-இல் அவரும் ஜாரட்ஸ்கியும் பிளேக்மோரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்குகிறது.

ஹியூஸ்டனில் மைக்கேல் டிபேக்கியின் கதை இன்னும் சுவாரசியம். துணி வாங்க ஃபோலீஸ் என்ற பெரிய கடைக்குப் போய் நைலான் கேட்டார். தீர்ந்துவிட்டது, புதிதாக டேக்ரான் என்று ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா என்றார்கள். வாங்கிவந்து மனைவியின் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்தார். சிறுவயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். நைலான் கையிருப்பில் இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார், அது உடம்புக்குள் நாளடைவில் வலுவிழந்துவிடும் என்பது பின்னால் தெரிந்தது.

இதில் என் கண்ணுக்குப் படுவது வேறு. வூர்ஹீஸின் யோசனையின் அடிப்படையே "படலம் தானாகப் படரும்" என்ற நம்பிக்கை. அவர் பார்த்தது நாயின் இதயத்தில், ஒற்றை நூலில். மனிதனுக்குள், ஒரு முழு நீளக் குழாயில் அது நடக்கிறதா என்ற கேள்வியோடு எழுபது வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

துணி என்றால் ரத்தம் ஒழுகாதா?

ஒழுகும். பின்னிய டேக்ரானில் தண்ணீர் ஊற்றினால் வடிகட்டிபோல் வழியும். அதனால் அந்தக் காலத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கிண்ணத்தில் குழாயை வைத்து மேலே ஊற்றுவார்கள். துணி இழைகளுக்குள் ரத்தம் ஊறி உறைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். வெள்ளையாகப் போன குழாய் கருஞ்சிவப்பாகி வரும், உட்புறம் ஒட்டிய கட்டிகளை வழித்து எடுத்துவிட்டுத் தைப்பார்கள். இப்போது கொலாஜனோ ஜெலட்டினோ பூசியே வருகிறது. அந்தப் பூச்சு சில வாரங்களில் கரையும். அதற்குள் உடம்பு தன் பங்குக்குத் துளைகளை அடைத்துவிடும்.

குழாயை வைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் உள்ளே என்ன நடக்கிறது?

முதல் சில நொடிகளிலேயே ரத்தத்தின் புரதங்கள் சுவரில் ஒட்டும். எண்ணிக்கையில் அதிகமான ஆல்புமின் போன்றவை முதலில் வந்து இடம் பிடிக்கும், பின்னால் வரும் ஃபைப்ரினோஜன் அவற்றை நகர்த்திவிட்டு உட்காரும், அதையும் வேறொன்று வந்து நகர்த்தும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவரை எழுப்பிவிட்டு இன்னொருவர் உட்காருவது மாதிரி. இதை விளக்கியவர் லியோ வ்ரோமன். டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும் அவரே என்பது உபரித் தகவல்.

ஃபைப்ரினோஜன் உட்கார்ந்த இடத்தில் பிளேட்லெட்கள் ஒட்டும், ஃபைப்ரின் வலை பின்னும். சில நாளில் சுவர் முழுக்க மெல்லிய உறைவுப் பூச்சு. கூடவே வெள்ளணுக்கள் வரும். முதலில் நியூட்ரோஃபில்கள், பிறகு மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். விழுங்கு செல்களுக்கு வந்த சங்கடம், பாலியெஸ்டரை விழுங்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரும் செல்களாகி இழையைக் கட்டிப்பிடித்தபடி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். வெளிப்பக்கம் இதற்குள் நார்த்திசு சுற்றி வளர்ந்து குழாயை ஓர் உறைபோல் பற்றிக்கொள்ளும். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் "ஆறிடுச்சு" என்று தாராளமாகச் சொல்லலாம்.

உட்படலம் எங்கிருந்து வர வேண்டும்?

மூன்று வழி உண்டு. முதல் வழி, தையல் போட்ட இரு முனைகளிலிருந்தும் சொந்தத் தமனியின் படலம் குழாய்க்குள் ஊர்ந்து வருவது. இரண்டாவது, வெளித்திசுவிலிருந்து தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் குழாய்ச் சுவரின் துளைகள் வழியாகத் துளைத்து உள்ளே வந்து, அங்கிருந்து படலமாக விரிவது. மூன்றாவது, ரத்தத்தில் மிதந்துவரும் செல்கள் விதைபோல் விழுந்து முளைப்பது.

மூன்றாவதைப் பலரும் நம்பவில்லை. சியாட்டிலில் லெஸ்டர் சாவேஜின் குழுவினர் 1994-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். நாயில் வைத்த டேக்ரான் குழாயின் சுவரைத் துளையே இல்லாமல் மூடி, முனையிலிருந்து ஊர்ந்துவர முடியாத தூரத்தில் நடுப்பகுதியைப் பார்த்தார்கள். மற்ற இரு வழியும் அடைபட்ட நிலையிலும் நடுவில் தீவு தீவாக எண்டோதீலியம் இருந்தது. ரத்தத்திலிருந்து தவிர வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. 1997-இல் அசாஹராவும் சக ஆய்வாளர்களும், ரத்தத்தில் எண்டோதீலியமாக மாறக்கூடிய முன்னோடிச் செல்கள் சுற்றுவதாக அறிவித்தபோது இந்தச் சேதிக்கு இன்னும் வலுச் சேர்ந்தது.

சரி, எனக்கு எத்தனை மாதத்தில் முழுதாக மூடும்?

மூடாது.

சுருக்கமாகச் சொன்னால் மனம் கோணுவார்கள் என்று நாங்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் பதில் இதுதான். மனிதரில் படலம் தையல் கோட்டிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஊர்ந்து வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. வருடங்கள் போனாலும் நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

வேறு காரணத்துக்காக வெளியே எடுத்த பழைய கிராஃப்டை நீளவாக்கில் கத்தரியால் வெட்டித் திறந்தால் இது கண்ணாலேயே தெரியும். இரு முனையிலும் வெண்மையான, ஈரமாக மின்னும் வழவழப்பு, விரல் வைத்தால் வழுக்கும். ஒரு விரலகலம் தாண்டியதும் ஒரு கோடு. அதற்கப்பால் பளபளப்புப் போய், மங்கலான மஞ்சள் பழுப்பில், உலர்ந்த பசை தடவியதுபோன்ற ஒரு பரப்பு. அங்கங்கே துணியின் மடிப்பு வரிகள் அப்படியே தெரியும். சில இடங்களில் அந்தப் பூச்சு நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும், அடியில் இழை பளிச்சென்று புதிது மாதிரியே இருக்கும். அது படலம் இல்லை, இறுகிப்போன ஃபைப்ரின்.

விதிவிலக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1995-இல் இதே சியாட்டில் குழுவினர், ஒரு நோயாளிக்குத் தோளிலிருந்து தொடைக்குப் போட்ட டேக்ரான் குழாயில், முனைகளிலிருந்து வெகு தூரத்திலும் எண்டோதீலியத்தைக் கண்டு நிரூபித்தார்கள். ஒரே ஒரு மனிதரில் கண்டதற்கே தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு அரிது என்று புரிந்துகொள்ளலாம்.

நாய்க்கும் குரங்குக்கும் மூடுகிறது என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்தத் துறை பல பத்தாண்டுகள் ஏமாந்த இடம் அதுதான்.

விலங்குச் சோதனையில் வைக்கும் குழாய் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் நீளம். இரு முனையிலிருந்தும் படலம் ஊர்ந்து நடுவில் கைகுலுக்கிக்கொள்ளும், "முழுதாக மூடியது" என்று எழுதிவிடுவார்கள். மனிதனின் தொடையிலிருந்து முழங்கால் வரை போகும் குழாய் 30, 40 சென்டிமீட்டர். முனையில் ஓரிரு சென்டிமீட்டர் மூடினால் நடுவில் ஒன்றுமே நடக்காததற்குச் சமம். அடுத்தது வயது. சோதனை விலங்குகள் இளசு, ஆரோக்கியமானவை. எங்களிடம் வருபவர் அறுபதைத் தாண்டிய, பல வருடம் பீடி இழுத்த, சர்க்கரை உள்ளவர். அவருடைய சொந்தத் தமனியின் படலமே நைந்து கிடக்கிறது. அது எங்கே போய் பக்கத்து வீட்டுக்கு ஓடு பதிக்கும்? இவை போக, இனத்துக்கு இனம் வேகமும் மாறுகிறது. வயதையும் நீளத்தையும் சரிசெய்தாலும் மனிதன் பின்தங்கித்தான் நிற்கிறான்.

குழாயின் துளைகளைப் பெரிதாக்கினால் தந்துகிகள் உள்ளே வராதா?

நல்ல கேள்வி, இதை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். 30 மைக்ரான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அலெக்சாண்டர் கிளோஸும் சக ஆய்வாளர்களும் 60 மைக்ரான் இடைவெளி கொண்ட டெஃப்லான் குழாயை பபூன் குரங்குகளில் வைத்தார்கள். சில வாரங்களிலேயே சுவரெங்கும் தந்துகிகள் துளைத்து வந்து உட்புறம் முழுக்க எண்டோதீலியம் விரிந்தது. 30 மைக்ரான் குழாயில் அப்படி நடக்கவில்லை. 1986-இல் இது வெளியானபோது விடை கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

அதே குழுவினர் மனிதரிடம் போனார்கள். உள்ளே குழாயை எடுத்துப் பார்க்க முடியாது என்பதால், நோயாளியின் பிளேட்லெட்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, அவை குழாயில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று படம் எடுத்தார்கள். படலம் வந்திருந்தால் ஒட்டுவது குறைய வேண்டும். 1992-இல் வெளியான முடிவில் பெரிய துளைக் குழாய்க்கும் வழக்கமான குழாய்க்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பபூன் செய்ததை மனிதன் செய்யவில்லை. தோல்வியை இவ்வளவு நேர்மையாகச் சோதித்து அவர்களே வெளியிட்டதால்தான் இந்தக் குழுவின் மேல் எனக்குத் தனி மரியாதை.

படலமே இல்லாத குழாய் எப்படி இத்தனை வருடம் வேலை செய்கிறது?

ஓட்டத்தால். பெருந்தமனியில் 16, 18 மில்லிமீட்டர் அகலக் குழாயில் ரத்தம் பெருவெள்ளமாகப் போகிறது. சுவரில் ஒரு மில்லிமீட்டர் ஃபைப்ரின் படிந்தாலும் வழி அடைபடாது. ஒட்ட வருவதையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். தொடைத் தமனியில் 6, 8 மில்லிமீட்டர், அங்கே சமாளிக்கலாம். 6 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அதே ஒரு மில்லிமீட்டர் பூச்சு பாதி வழியைத் தின்றுவிடும். இதய பைபாஸில் இந்தக் குழாய்களைப் பயன்படுத்தாமல் காலின் சிரையையும் மார்பின் உட்தமனியையும் எடுப்பது இதனால்தான்.

அப்புறம் ஏன் சிலருக்கு ஓரிரு வருடத்தில் அடைக்கிறது?

இங்கேதான் வேடிக்கை. முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் தையலிலோ, ரத்தம் போய்ச் சேரும் கீழ்த்தமனியிலோ கோளாறு. ஆனால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் அடைப்பது பெரும்பாலும் வெறுமையான நடுப்பகுதியில் இல்லை, படலம் ஊர்ந்துவந்த அந்த முனையில். எண்டோதீலியத்தோடு மென்தசைச் செல்களும் சேர்ந்து வந்து, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் பெருகிக்கொண்டே போகும். வெட்டிப் பார்த்தால் வெளுத்த ரப்பர்போல, மெல்ல மெல்ல வழியை நெருக்கியிருக்கும்.

காரணங்கள் பல. தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கும், குழாய் விறைப்பாக நிற்கும். இரண்டும் சேரும் கோட்டில் ஓயாத இழுபறி. அங்கே ஓட்டமும் சுழல்கிறது. குழாயில் ஒட்டிய பிளேட்லெட்களும் விழுங்கு செல்களும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து தூபம் போடுகின்றன. முழங்காலுக்குக் கீழே இணைக்கும்போது இடையில் சொந்தச் சிரையின் ஒரு சின்னத் துண்டைக் காலர்போல் வைத்துத் தைப்பது இந்த இழுபறியைக் குறைக்கத்தான். குழாயின் உட்சுவரில் ஹெப்பாரினைப் பிணைத்தும் விற்கிறார்கள்.

ஆய்வகத்தில் படலத்தை வளர்த்து ஒட்டியே வைத்துவிட்டால்?

1978-இல் மால்கம் ஹெரிங் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். சொந்தச் சிரையிலிருந்தே எண்டோதீலியச் செல்களைச் சுரண்டியெடுத்து, அறுவை அரங்கிலேயே குழாயில் தூவினார். விலங்குகளில் நன்றாக வந்தது. மனிதரில் கிடைக்கும் செல்கள் குறைவு, ரத்தத்தைத் திறந்துவிட்டதும் பெரும்பங்கு அடித்துக்கொண்டு போய்விட்டது.

வியன்னாவில் ஸில்லாவும் டொய்ச்சும் சக மருத்துவர்களும் பொறுமையான வழியைத் தேர்ந்தார்கள். சின்னச் சிரைத் துண்டு ஒன்றை எடுத்து, சில வாரங்கள் செல்களை வளர்த்துப் பெருக்கி, ஃபைப்ரின் பசை பூசிய டெஃப்லான் குழாயின் உட்புறம் முழுக்கப் பதித்து, அப்புறம்தான் அறுவை. 1989-இல் தொடங்கி வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். படலம் பதித்த குழாய்கள் வெறும் குழாய்களைவிடத் தெளிவாக நீண்ட காலம் திறந்திருந்தன. ஆகப் படலம் இருந்தால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

பிறகு ஏன் எல்லா ஊரிலும் செய்வதில்லை? கால் கறுத்து வலியில் துடிப்பவரிடம் "ஒரு மாதம் பொறுங்கள், செல் வளர வேண்டும்" என்று சொல்ல முடியாது. செல் வளர்க்கும் தூய்மையான ஆய்வகம், ஆட்கள், செலவு எல்லாம் சேர்ந்து அதை ஒரு சில நகரங்களுக்குள்ளேயே நிறுத்திவிட்டன.

ரத்தத்தில் மிதக்கும் செல்களைப் பிடித்து ஒட்டவைக்க முடியாதா?

முன்னோடிச் செல்களின் மேலிருக்கும் சிடி34 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் குழாயிலும் ஸ்டென்டிலும் பூசிப் பார்த்தார்கள். செல்கள் வந்து ஒட்டத்தான் செய்தன. ஆனால் அந்த அடையாளத்தோடு திரியும் செல்கள் எல்லாம் எண்டோதீலியமாக மாறுபவை இல்லை. வலை வீசினால் வேண்டாத மீனும் சேர்ந்துதான் சிக்கும்.

கரைந்துபோகும் குழாய் என்று கேள்விப்பட்டேன், அது என்ன?

குழாய் நிரந்தரமாக இருப்பதால்தானே விழுங்கு செல்கள் ஓயாமல் சண்டை போடுகின்றன. கொஞ்ச காலத்தில் கரையும் குழாயை வைத்தால் உடம்பே அதன் இடத்தில் தமனி கட்டிக்கொள்ளாதா என்ற யோசனை அது. டோக்கியோவில் ஷினோகாவின் குழுவினர் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அவளுடைய சிரையின் செல்களை வளர்த்துப் பதித்த கரையும் குழாயை நுரையீரல் தமனியில் வைத்து, 2001-இல் அறிவித்தார்கள். அடுத்து பிறவி இதயக் கோளாறுள்ள 25 பேருக்கு, எலும்பு மஜ்ஜைச் செல்கள் தூவிய குழாய்கள்.

தூவிய செல்களே புதிய குழாயாக வளர்கின்றன என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். 2010-இல் எலிகளில் பார்த்தபோது தூவிய செல்கள் சில நாளில் காணாமல் போயிருந்தன. அவை செய்தது விழுங்கு செல்களை அழைக்கும் சேதியை அனுப்பியது மட்டும்தான். கட்டியது பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து வந்த செல்கள். அழற்சியை எதிரியாகவே பார்த்துப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். அளவோடு அழற்சி இருந்தால் அது கொத்தனார், மிஞ்சினால் குழாய் நெருங்கிவிடுகிறது. நெருங்குவதுதான் இந்த முறையின் பெரிய தலைவலி. குழந்தைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு: டேக்ரான் குழாய் குழந்தையோடு வளராது, திசுவாக மாறிய குழாய் வளரும்.

இப்போது பயன்பாட்டில் இருப்பதில் எதிலாவது படலம் வருகிறதா?

ஒன்றைச் சொல்லலாம். லாரா நிக்லசன் தொடங்கிய ஹியூமசைட் நிறுவனத்தின் குழாய். கொடையாளரின் மென்தசைச் செல்களைக் கரையும் வலையில் சில வாரங்கள் வளர்ப்பார்கள். செல்கள் தங்களைச் சுற்றிக் கொலாஜன் சுவர் கட்டும், வலை கரைந்துவிடும். பிறகு செல்களை முழுதாகக் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது செல் இல்லாத மனிதச் சுவர். செல் இல்லாததால் யாருக்கும் வைக்கலாம், அலமாரியில் தயாராக வைத்திருக்கலாம். டயாலிசிஸுக்கு வைத்தவர்களிடமிருந்து பிற்பாடு கிடைத்த துண்டுகளைச் சோதித்தபோது, நோயாளியின் சொந்தச் செல்கள் சுவருக்குள் குடியேறி, உட்புறம் எண்டோதீலியமும் விரிந்திருந்ததை 2019-இல் வெளியிட்டார்கள். 2024 டிசம்பரில், கை கால்களில் தமனி அறுந்த காயங்களுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. செல்களுக்கு பாலியெஸ்டரைவிடக் கொலாஜன் பழகிய தரை என்பதே என் கணிப்பில் இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம்.

டயாலிசிஸ் கிராஃப்டில் ஊசி குத்திய துளை ஆறுமா?

சொந்தச் சிரையைத் தமனியோடு இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவில் துளையைத் திசு மூடும். டெஃப்லான் குழாயில் துளை துளையாகவே இருக்கும். அதற்குள் உறைவும், வெளியிலிருந்து வரும் நார்த்திசுவும் தக்கைபோல் அடைத்து நிற்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் சுவர் சல்லடையாகி அங்கே வீங்கும். "அந்த இடத்துல வலி குறைவு, அங்கயே குத்துங்க சிஸ்டர்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வழக்கமான கிராஃப்டில் இரண்டு மூன்று வாரம் கழித்தே குத்த ஆரம்பிப்பதும், வெளித்திசு வந்து குழாயைப் பற்றிக்கொள்ள நேரம் கொடுக்கத்தான். தினமும் காலையில் விரலை வைத்து அந்த "கிர்ர்" என்ற அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

ஸ்கேனில் படலம் தெரியுமா?

தெரியாது. டாப்ளர் ஓட்டத்தையும் நெருக்கத்தையும் காட்டும், ஒரு செல் தடிமன் அதன் கண்ணுக்குப் படாது. பெட் ஸ்கேன் எடுத்தால் வேறொரு குழப்பம்: விழுங்கு செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதால், கிருமியே இல்லாத பழைய குழாயும் வருடங்கள் கழித்துக்கூட லேசாக ஒளிரும். அறிக்கையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

ஆஸ்பிரினை எப்போது நிறுத்தலாம்?

நீங்களாக எப்போதும் நிறுத்தக் கூடாது. மேலே படித்தீர்களே, உள்ளே பிளேட்லெட்களை விலக்க ஆளில்லை. காலில் பைபாஸ் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் அது ஆயுள் மருந்து. பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ நிறுத்தச் சொன்னால், குழாய் வைத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

வருடங்கள் கழித்தும் கிருமி வருமா?

அரிதுதான், ஆனால் வரலாம். உயிருள்ள படலம் இல்லாத பரப்பில் கிருமி ஒட்டினால் வழவழப்பான ஓர் உறையைக் கட்டிக்கொண்டு மருந்துக்கு எட்டாமல் உட்கார்ந்துவிடும். காரணம் தெரியாத காய்ச்சல், தழும்பில் சிவப்பு, கசிவு, அந்த இடத்தில் புதிதாக வீக்கம் இவற்றில் எது வந்தாலும் "எனக்கு உள்ளே கிராஃப்ட் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடமும்தான்.

பெருந்தமனியில் வைத்தது எத்தனை காலம் உழைக்கும்?

பல பத்தாண்டுகள் ஓடியவை நிறைய உண்டு. டேக்ரான் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொடுக்கும் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். தையல் இயந்திரத்தில் குழாய் தைத்த டிபேக்கிக்கே 2005 டிசம்பர் கடைசி நாளில் பெருந்தமனியின் சுவர் பிளந்தது. என்ன நடக்கிறது என்று தானே கண்டுகொண்டார். 2006 பிப்ரவரியில், 97 வயதில், அவருடன் பல காலம் பணியாற்றிய ஜார்ஜ் நூன் அவருக்கு வைத்தது டேக்ரான் குழாய்தான். தேறி எழுந்து மீண்டும் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார். 2008 ஜூலையில், நூறாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பு, காலமானார்.